சாக்கின் உள்பக்கம்

சேவியர், மூன்று வாரமாக நான் கிடங்குப் பக்கம் வரவில்லை. முழங்கால் வலி என்று உங்கப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. அரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வரும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. வராததற்குக் காரணம் கோபம். நேரில் வந்தால் நீ ஒரு வார்த்தை சொல்வாய், நான் இரண்டு சொல்வேன், சாக்கு தைக்கிற பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள், ஸ்டெல்லா பாவம், மாமியார் பக்கமா புருசன் பக்கமா என்று தெரியாமல் தரையைப் பார்ப்பாள். கல்யாணம் முடிந்து நீங்கள் தனிக்குடித்தனம் போன இந்த நாலு மாதத்தில் இதுவே வாடிக்கையாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து, அப்படியே படித்துக்கொள். ஸ்டெல்லாவுக்கும் படிக்கக் கொடு. கிடங்கில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அப்படிச் செய்வதுதான் சரி. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அன்றைக்கு நான் உள்ளே நுழைந்தபோது பிரிக்கிற மேசையைக் காணோம். வாசலுக்கு நேரே, காலை வெளிச்சம் விழுகிற இடத்தில் இத்தனை வருசமாகக் கிடந்த மேசை. வருகிற ஒவ்வொரு பழைய சாக்கையும் அதன்மேல் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மூலைகளை உதறி, மோந்து பார்த்து, இது தானியத்துக்கு, இது உரத்துக்கு, இது கட்டட வேலைக்கு என்று பிரித்த பிறகுதான் தையலுக்கே போகும். அந்த இடத்தில் உன் சலவை மிஷின் நின்றுகொண்டிருந்தது. தார் டிரம்களை வெட்டிப் பற்றவைத்து, மோட்டார் பூட்டி, நீயே செய்த மிஷின். மேசை எங்கே என்று கேட்டேன். "பின்னாடி போட்டிருக்குதும்மா. இனி எதுக்குப் பிரிக்கணும்? எல்லாத்தையும் கழுவிடறோம்ல. கழுவுன சாக்குல என்ன தானியச் சாக்கு, உரச் சாக்கு?" என்றாய். அப்படியானால் நூல்? சாக்கின் வாயோரத்தில் நாம் கோத்துவிடும் நிற நூல், தானியம் கண்ட சாக்குக்கு வெள்ளை, உரம் கண்டதற்குச் சிவப்பு, சிமெண்டுக்கு நீலம்? "நூல் மோட்டார் தண்டுல சிக்குது. மிஷினை நிறுத்தி நிறுத்தி அறுத்து எடுக்க வேண்டியிருக்குது. இனி வேண்டாம்னுட்டேன்." நான் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள், "மூக்கை நம்பி எத்தனை நாளைக்கும்மா தொழில் பண்றது? மூக்குக்கு ஜலதோசம் வரும்" என்றாய். பெண்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நல்ல பேச்சுதான் அது.

உன் மிஷினை நான் குறை சொல்லவில்லை. முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பழைய காலத்து ஆள், புதுசு என்றாலே முகம் சுளிப்பாள் என்று இந்தக் கடிதத்தையும் ஓரமாக வைத்துவிடுவாய். அது வந்த பிறகு கிடங்கில் தூசி அடங்கிவிட்டது. தையல்காரப் பெண்கள் சாயங்காலமானால் இருமுவார்களே, அந்த இருமல் குறைந்துவிட்டது. சேலத்து ஜவ்வரிசி மில்லில் முன்பெல்லாம் நம் சாக்கைக் கண்டால் இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார்கள், இப்போது அவர்களே ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். நான் இருபத்தைந்து வருசமாகச் செய்யாததை நீ ஒரு வருசத்தில் செய்தாய். எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையோடுதான் கோபமும் வருகிறது.

இந்தத் தொழில் நம் வீட்டுக்குள் வந்த விதம் உனக்குத் தெரிந்ததுதான். உங்கப்பா பஸ் கண்டக்டர். நான் கடலைமில்லுக்குக் கிழிந்த சாக்கு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓசூர் போகும் பஸ்ஸில் டியூட்டி வரும் நாளெல்லாம் உங்கப்பா வழியில் காலிச் சாக்குக் கட்டுகளைக் கேட்டு வாங்கி பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வருவார். டிரைவர் திட்டுவார். அப்படி ஆரம்பித்ததுதான். ஒரு சாக்கு நம்மிடம் வந்தால் அதற்கு ஐந்தாறு பிறவி உண்டு என்று எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. சர்க்கரை சுமந்து வந்த சாக்கு ராகிக்குப் போகும். ராகிக்குப் பிறகு புளிக்கு. புளியில் கறைபட்டதும் புண்ணாக்குக்கு. அதுவும் நைந்தால் கரிக்கு. கடைசியில் புதுக் கான்கிரீட்டின்மேல் ஈரச்சாக்காகக் கிடந்து மக்கும். மாவட்டத்தில் எத்தனை மண்டி, எத்தனை மில் இருந்தாலும் ஒவ்வொருவரும் புதுச் சாக்குக்கு ஓடாமல் இருப்பது நம்மைப்போன்ற நாலைந்து கிடங்குகளால்தான். நீ தவழ்கிற வயதில் சர்க்கரைச் சாக்கின் மூலையைச் சப்பிக்கொண்டே தூங்குவாய். எறும்பு வரும் என்று நான் பிடுங்குவேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காலிச் சாக்கு என்று ஒன்று கிடையாது. முன்னால் என்ன இருந்ததோ அதில் கொஞ்சம் எப்போதும் மிச்சமிருக்கும்.

பச்சியம்மாவை உனக்கு நினைவிருக்கும். பிரிக்கிற மேசையில் அவள்தான் இருந்தாள். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, சாக்கைத் திருப்பும்போது துணியை இறக்கிக்கொண்டு, ஒரு தடவை மோந்தால் போதும், இது யூரியா, இது மாட்டுத் தீவனம், இது நனைந்து காய்ந்த கோதுமை என்று சொல்லிவிடுவாள். கை வேகமானவள்தான், ஆனாலும் ஒவ்வொரு சாக்குக்கும் கொஞ்சம் நேரம் எடுக்கத்தான் செய்யும். நீ பாலிடெக்னிக் இரண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருசம் விளைச்சல் நன்றாக இருந்தது. ராகி, கடலை, மரவள்ளி எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. எல்லா மண்டியிலிருந்தும் ஒரே சமயத்தில் சாக்கு கேட்டார்கள். தையலில் ஆள் கூட்டலாம், கூட்டினேன். ஆனாலும் எல்லாம் பச்சியம்மாவின் மேசையில் வந்து தேங்கியது. இன்னொரு பச்சியம்மாவை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. லாரி வாசலில் நிற்கிறது, கிளீனர் ஹாரன் அடிக்கிறான், எனக்குத் தலை சூடாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் லீவில் வந்திருந்த நீ நூல் யோசனையைச் சொன்னாய். ஒரு நோட்டில் படமெல்லாம் போட்டுக் காட்டினாய். சாக்கு முதன்முதலில் எதைச் சுமந்ததோ அதற்கு ஒரு நிறம், வாயோரத்தில் ஒரு தையல். மண்டிக்காரர்களும் மில்காரர்களும் அதைப் பார்த்துத் தானிய நூல் சாக்கைத் தானியத்துக்கே திருப்பி அனுப்பினால் அடுத்த தடவை நாம் மோந்து பார்க்க வேண்டியதே இல்லை, பூச்சிமருந்துச் சாக்கு நம் கிடங்குக்குள்ளேயே வரக்கூடாது என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "சாக்குக்குச் சாக்கு நூல் மாத்திக் கோத்துட்டு ஒக்காந்தா லாரி தானா ஓடுமா?" என்றேன். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கே, நீ போன கையோடு, நான் பச்சியம்மாவிடம் போய் இன்னொன்றும் சொன்னேன். இது உனக்குத் தெரியாது. "இனிமே திருப்பிப் பாக்க வேண்டாம். மேல அச்சடிச்ச எழுத்தைப் பாத்துப் பிரி. எழுத்து அழிஞ்சிருந்தா மட்டும் மோந்து பாரு." அவள் கையை நிறுத்திவிட்டு, "அக்கா, ஒரு சில சாக்கு ஏற்கெனவே திருப்பித் தச்சு வருதுங்க. எழுத்து ஒண்ணு இருக்கும், உள்ள ஒண்ணு இருக்கும்" என்றாள். "நூத்துல ஒண்ணு வரும். போவட்டும்" என்றேன். அன்று சாயங்காலமே மூன்று லாரி கிளம்பியது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் காதர் பாய் வந்தார். தருமபுரியில் ராகி மண்டி வைத்திருந்தவர், நம்மிடம் ஆரம்பத்திலிருந்து சாக்கு எடுத்தவர். ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். மடித்த சாக்கு ஒன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, இது நம்ம கிடங்குச் சாக்குதானே? தையலைப் பாத்தா உங்களது மாதிரி தெரியுது" என்றார். நம்முடையதுதான். அடியில் இரட்டைத் தையல். அவர் அதை மேசைமேல் போட்டு உள்பக்கத்தைத் திருப்பினார். உள்ளே அடிமூலையில் ஒரு பழைய ஒட்டு, யாரோ எப்போதோ போட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து அந்த ஒட்டைப் பிரித்தார். சாக்குக்கும் ஒட்டுக்கும் நடுவிலிருந்து பூச்சிமருந்துப் பவுடர் கட்டிகட்டியாக மேசைமேல் விழுந்தது. வெளியில் கோதுமை அச்சு. உள்ளே இது.

அந்தச் சாக்கில் ராகி வாங்கிப் போனவர் தொப்பூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்த மாதையன். ராகியைச் சாக்கிலேயே வைத்து, அடியில் இருந்ததையும் வழித்து அரைத்துக் களி கிண்டியிருக்கிறார்கள். லேசாக மக்கு வாடை அடித்ததாம், பழைய ராகி என்று நினைத்துக்கொண்டார்களாம். புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வாந்தி. அவள் தேறிவிட்டாள். அவருக்கு வலிப்பு வந்தது, வந்துகொண்டே இருந்தது. "ஆஸ்பத்திரியில இருக்கறாரும்மா. பொழச்சுக்குவாராம். ஆனா குவாரி வேலைக்கெல்லாம் இனிமே ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் காதர் பாய். கிடங்கில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பச்சியம்மாவைப் பார்த்தேன். "பச்சியம்மா, நீதானே பாத்த?" என்றேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான் பாத்தனுங்க," என்றாள்.

"பாக்க வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?" என்றேன்.

இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் என்னையே பார்த்தாள். முகத்துத் துணியை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் கூப்பிடவில்லை. கவனக்குறைவுக்காக அவளை நிறுத்திவிட்டேன் என்று காதர் பாயிடம் சொன்னேன். அவர் போலீசுக்கும் போகவில்லை, ஊரிலும் பேசவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருசம் தன் மண்டியிலிருந்து ராகி கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அது நம் கிடங்கிலிருந்து நடந்து போகிற தூரம்.

அடுத்த வாரமே மேசையில் இரண்டு பேரைப் போட்டேன். நூல் கண்டு வாங்கிவரச் சொன்னேன். லீவு முடிந்து போயிருந்த உனக்கு உங்கப்பா கையால் எழுதவைத்தேன், உன் யோசனையை அம்மா ஏற்றுக்கொண்டாள் என்று. அடுத்த தடவை வந்தபோது வெள்ளையும் சிவப்பும் நீலமுமாக அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்து உன் முகத்தில் வந்த சந்தோசம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மாவே தன் தப்பை உணர்ந்து நம் பேச்சைக் கேட்டாள் என்று நீ நினைத்தாய். அந்தத் தைரியத்தில்தான் வேறு வேலைக்குப் போகாமல் கிடங்குக்கு வந்தேன் என்று உன் கல்யாணத்தன்று மைக்கில் சொன்னாய். அப்போது எனக்குப் பந்தலில் உட்காரவே முடியவில்லை. உன் யோசனையின் அருமை தெரிந்து நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை, சேவியர். பயத்தில் எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் முன்னால் எடுத்திருந்தால் மாதையன் இன்றைக்குக் குவாரிக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அந்த நூலைத்தான் நீ இப்போது பிடுங்கிப் போட்டிருக்கிறாய். எனக்கு எரிச்சல் எங்கே என்று புரிகிறதா? அன்று நீ நிதானமாகச் செய்யலாம் என்றாய், நான் லாரியைக் காட்டினேன். இன்று நான் நிதானம் என்கிறேன், நீ மிஷினைக் காட்டுகிறாய். அதுவும் உன் சொந்த யோசனைக்காக உன்னிடமே நான் மன்றாட வேண்டியிருக்கிறது. மிஷின் பாதி காலியாக ஓடினால் கரண்டும் சோப்புத்தூளும் வீண் என்கிறாய். சரிதான். ஆனால் அதை நிரப்புவதற்காக என்ன செய்தாய்? முன்பு நமக்குத் தெரிந்த மில்லிலிருந்து, தெரிந்த மண்டியிலிருந்து சாக்கு வந்தது. இப்போது பெங்களூர் ஏஜெண்ட் லாரி லாரியாக அனுப்புகிறான். எங்கே பொறுக்கினது என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. சணலும் பிளாஸ்டிக் சாக்கும், தானியமும் உரமும் மருந்தும், எல்லாம் ஒரே தண்ணீரில் ஒன்றாகப் புரள்கிறது. அழுக்குச் சாக்கின் அழுக்கு போகிறதா, சுத்தமானதன்மேல் ஏறுகிறதா? அந்தத் தண்ணீர் பின்னாலிருக்கும் கத்தரித் தோட்டத்துக்குப் பாய்கிறது, அதையும் பார்த்தேன். மிஷினுக்குப் பசி எடுக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் அதன் வாயில் போடுகிறாய். நானும் லாரியின் பசிக்கு அதைத்தான் செய்தேன்.

எனக்குக் கோபம் உன்மேல் மட்டுமில்லை. நூல் போட ஆரம்பித்த வருசம், பூச்சிமருந்து விற்கிற கடைக்காரர் ஒருவரிடம் போய், உங்கள் சாக்கை விவசாயிகளிடமிருந்து நீங்களே திருப்பி வாங்கித் தனியாக அழித்துவிடுங்கள், எங்களிடம் வரவேண்டாம் என்று கேட்டேன். "நான் விக்கிறது மருந்தும்மா, சாக்கு அதோட சும்மா வருது. அது எங்க போனா எனக்கென்ன?" என்று சிரித்தார். மண்டிக்காரர்களிடம் வெள்ளை நூல் சாக்கைத் தனியாக வையுங்கள் என்று மாதாமாதம் சொன்னேன். பாதிப்பேர் தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டார்கள். புதுச் சாக்கு விற்கிறவனை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. பழைய சாக்கு விற்கிற நம்மை மட்டும் மூட்டைக்கு மூட்டை கேட்பார்கள். நம் கிடங்குச் சாக்கால் இன்னொரு மாதையன் விழுந்தால் நம் பெயர் மட்டும் போகாது. பழைய சாக்கே ஆகாது என்று எல்லோரும் புதுசுக்குப் போய்விடுவார்கள். சுற்றிச் சுற்றி வருகிற பொருளுக்கு நம்பிக்கைதான் அச்சாணி. அது கழன்றால் உன் மிஷின், என் மேசை இரண்டும் ஒன்றுதான்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு என்று தோன்றியது. போன செவ்வாய்க்கிழமை உங்கப்பாவிடமும் சொல்லாமல் அரூர் பஸ் ஏறி, அங்கிருந்து தீர்த்தமலை போனேன். பச்சியம்மா அங்கே தங்கை வீட்டோடு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்றாள், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. பக்கத்துக் கடையில் சொல்லி எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். அதை ஓரமாக வைத்தேன்.

"பச்சியம்மா, அன்னிக்குக் காதர் பாய் முன்னால நான் சொன்னது பொய்," என்றேன்.

"ஆமாங்க."

"திருப்பிப் பாக்க வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

"ஆமாங்க, நீங்கதான் சொன்னீங்க." தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கேட்டும்விட்டேன். "திட்டி என்னங்க ஆவப்போவுது?" என்றாள். "மூக்கு செத்தவன்னு பேரு ஆயிப்போச்சு. வேற ரெண்டு கிடங்குல கேட்டுப் பாத்தேன், சேக்கல. சரி, தங்கச்சி வூட்டுக்கு வந்துட்டேன்." நாரை ஒதுக்கிப் போட்டுவிட்டு, "மாதையன் வூட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்குங்க வந்தீங்க? எனக்குப் போனது வேலை. அந்தாளுக்குப் போனது ஒடம்பு" என்றாள். பிறகு, "நான் ரெண்டு தடவை போய்ப் பாத்தனுங்க, இந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னால. நாந்தான் பாக்காம வுட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். யாராச்சும் ஒருத்தர் போய்ச் சொல்லணும்ல" என்றாள்.

திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, வந்த பக்தர்களுக்குத் தேங்காய் எடுக்கக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை மாதையன் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மைல். அவர் யாருடைய ஆடுகளையோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அவருக்கு வலிப்பு வந்து விழுந்தால் ஆடு தானாக வீட்டுக்கு வந்துவிடும், அப்போது ஆள் போய்த் தேடுவார்களாம். அவர் மனைவி முனியம்மா இருந்தாள். நான் யார் என்று சொன்னேன், என்ன செய்தேன் என்று சொன்னேன், பச்சியம்மாவின்மேல் தப்பில்லை என்று சொன்னேன். "அந்தம்மாவை நான் கண்டபடி பேசி அனுப்பிட்டேனுங்களே" என்றாள். அவளுக்கு முதலில் வந்த வருத்தம் அதுதான். உள்ளே போய், மூலையில் நிறுத்தியிருந்த ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். "நீங்க சாக்குக்காரங்கன்னா இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. போன வாரம் சந்தையில கம்பு வாங்குனோம். அவருக்கு அப்படி ஆனதுலேருந்து எனக்கு எந்தச் சாக்கைப் பாத்தாலும் பயம். இது நல்ல சாக்குங்களா?"

அடியில் இரட்டைத் தையல் இருந்தது. கம்பைப் பானைகளில் கொட்டவைத்து, சாக்கைத் திருப்பினேன். மூலையை உதறினேன். முகத்தைச் சாக்குக்குள் வைத்து மூச்சிழுத்தேன். சோப்புத்தூள் வாசனை. அவ்வளவுதான். வாயோரத்தில் வெள்ளை நூலும் இல்லை, சிவப்பும் இல்லை. இருபத்தைந்து வருசம் இந்தத் தொழிலில் இருந்தவள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்று அவளிடம் சொன்னேன். "அப்ப கம்பை என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லி அனுப்புகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல்லி, ரோட்டுக்கடையில் அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நூல் சிக்கினால் சாயத்தில் முத்திரை குத்து. சாயம் போனால் வாயோரத்தில் வேறு துணி வைத்துத் தை. மிஷினை இரண்டாக்கு, தண்ணீரைப் பிரி, ஏஜெண்ட் லாரியைத் திருப்பி அனுப்பு. எது சரி என்று எனக்குத் தெரியாது. படித்தவன் நீ, வழி கண்டுபிடிக்க வேண்டியவன் நீ. அடுத்த வாரம் கிடங்குச் சாவியை உன்னிடம் கொடுப்பதாகப் பேச்சு. அதை நான் மாற்றப் போவதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தோடு உங்கப்பா முனியம்மா வீட்டுச் சாக்கையும் கொண்டுவந்து தருவார். உன் மிஷினில் கழுவினது. அது அதற்கு முன்னால் எதைச் சுமந்தது என்று கண்டுபிடித்துச் சொல். பெங்களூருக்குப் போன் போடு, ஏஜெண்டைக் கேள், யாரை வேண்டுமானாலும் கேள். தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், நேராகத் தொப்பூர் பஸ் ஏறிப் போய் முனியம்மாவிடம் சொல். தெரியாவிட்டாலும் நீயே போய் அதைச் சொல். அவளுடைய கம்பு ஐந்து பானையில் கிடக்கிறது.